அதிவேகம் என்றால் எத்தனை கிலோமீட்டர்?

‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து...’

தமிழ்நாட்டில் எந்த போலீஸ் ஸ்டேஷனுக்கு வேண்டுமானாலும் போங்கள். விபத்து வழக்கு எஃப்.ஐ.ஆரில் இந்த வரி இருக்கும். மோதியது மணல் லாரியா, மொபெட்டா என்பதெல்லாம் அடுத்த வரி. ரைட்டரின் பேனா முதலில் இதைத்தான் எழுதும். அந்தக் காலத்தில் இ.பி.கோ. 279, 304-ஏ. 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதா 281, 106. பிரிவு எண் மாறியது, வரி மாறவில்லை.

என்னுடைய கேள்வி ரொம்பச் சின்னது. அதிவேகம் என்றால் எவ்வளவு? அந்த ரோட்டில் எத்தனை கிலோமீட்டர் வரை போகலாம்? அந்த வண்டி எத்தனையில் வந்தது? இந்த இரண்டு எண்களும் எஃப்.ஐ.ஆரில் இருக்காது. இரண்டுமே யாருக்கும் தெரியாது என்பதுதான் காரணம்.

ஆனால் டெல்லிக்குப் போகிற கணக்கில் மட்டும் வேகம் கச்சிதமாக இருக்கிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022ம் ஆண்டு அறிக்கைப்படி நாடு முழுக்க சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நூற்றுக்கு 71 பேர் ‘ஓவர் ஸ்பீடு’ காரணமாக இறந்ததாகக் கணக்கு. விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த வருடம் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. உயிரிழப்பு 17,884. சரி, அந்த ‘ஓவர்’ எதற்கு மேல் ஓவர்? எல்லை எழுதப்படாத ரோட்டில் எல்லை தாண்டியதாக எப்படிக் கணக்கு எழுதுகிறார்கள்?

இது வெறும் வார்த்தைப் பிரச்னை என்று நினைக்காதீர்கள். 1998ல் உச்ச நீதிமன்றத்தில் கர்நாடகத்து லாரி விபத்து வழக்கு ஒன்று வந்தது. ‘வேகமாக வந்தான்’ என்று சாட்சிகள் சொன்னார்கள். வேகம் என்றால் எவ்வளவு என்று யாரும் சொல்லவில்லை. வேகம் என்பது இடத்தைப் பொறுத்தது, வேகமாக வந்தான் என்பதை மட்டும் வைத்து அலட்சியம் என்று முடிவு கட்ட முடியாது என்று சொல்லி, டிரைவரை விடுதலை செய்தது சரி என்றது நீதிமன்றம். நீதிபதிகளைக் குறை சொல்ல முடியாது. அளக்காத பொருளுக்கு பில் போட்டால் ஆடிட்டர் தள்ளத்தானே செய்வார்?

மோட்டார் வாகனச் சட்டமே இதைச் சொல்கிறது. பிரிவு 183, உட்பிரிவு 3. ‘என் அபிப்பிராயத்தில் வேகமாகப் போனான்’ என்று ஒரே ஒரு சாட்சி சொன்னால் போதாது, அந்த அபிப்பிராயம் ஒரு கருவி அளந்ததை ஒட்டி இருக்க வேண்டும். பிரிவு 112 இன்னும் முக்கியம். பொதுமக்களின் பாதுகாப்புக்காகவோ, ரோட்டின் தன்மைக்காகவோ வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று தோன்றினால் மாநில அரசோ, அரசு அதிகாரம் கொடுத்த அமைப்போ குறைக்கலாம். அரசிதழில் அறிவிக்க வேண்டும். பலகையும் வைக்க வேண்டும். இரண்டும் வேண்டும்.

இனி கடலூருக்கு வாருங்கள். மஞ்சக்குப்பத்திலிருந்து கெடிலம் பாலம் தாண்டி, திருப்பாதிரிப்புலியூர் வழியாக முதுநகர் வரை ஒரு ரவுண்டு. வழியில் எத்தனை வேகப் பலகைகள் என்று எண்ணுங்கள். இருக்கிற ஒன்றிரண்டு எண்ணும் யார் முடிவு செய்தது, எந்தத் தேதி, எந்த ஆய்வின்பேரில் என்று கேட்டுப் பாருங்கள். நெடுஞ்சாலைத் துறையைக் கேட்டால் போலீஸைக் காட்டுவார்கள். போலீஸைக் கேட்டால் ஆர்.டி.ஓ. ஆபீஸைக் காட்டுவார்கள். மற்றபடி இருப்பது ‘மெதுவாகச் செல்லவும்’ என்று எழுதிய இரும்புத் தடுப்பு. அதிலும் முக்கால்வாசி இடம் ஜவுளிக்கடை விளம்பரத்துக்கு.

அப்படியானால் நம் ஊரில் வேகம் எப்படித்தான் கட்டுப்படுகிறது? உங்களுக்கே தெரியும். முதலில் ஒருவர் சாக வேண்டும். ஸ்கூல் பையனாக இருந்தால் உடனே வேலை நடக்கும். ஜனங்கள் ரோட்டில் உட்கார்வார்கள். தாசில்தாரும் டி.எஸ்.பி.யும் வந்து பேச்சுவார்த்தை நடத்துவார்கள். மறுநாள் காலையில் ரோட்டின் குறுக்கே ஒரு வேகத்தடை முளைத்திருக்கும். அதற்கும் அளவு உண்டு என்பது போட்டவர்களுக்குத் தெரிந்ததாகத் தெரியவில்லை. இந்திய சாலைக் காங்கிரஸ் 1988லேயே சொல்லிவிட்டது: 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம், வளைவாக ஏறி வளைவாக இறங்க வேண்டும், 25 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி சிரமமில்லாமல் தாண்ட வேண்டும். நம்முடையது ஒரு தார் மதில். கர்ப்பிணியை ஏற்றி வரும் ஆட்டோ அங்கே என்ன பாடுபடும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அரசாங்கத்தின் அதிகாரபூர்வமான கணக்கும் இதற்குச் சளைத்தது இல்லை. தேசிய நெடுஞ்சாலையில் ‘பிளாக் ஸ்பாட்’ என்று ஒரு பட்டம் கொடுப்பார்கள். சுமார் 500 மீட்டர் நீளத்துக்குள் மூன்று வருடங்களில், உயிர்ச்சேதமோ படுகாயமோ ஏற்பட்ட ஐந்து விபத்துகள் நடந்திருக்க வேண்டும். அல்லது பத்து பேர் இறந்திருக்க வேண்டும். ஒன்பதோடு நின்றுவிட்டால் இரண்டாவது தகுதி கிடையாது. ஆக, வேகத்தைப் பற்றி நம்மிடம் இருக்கிற ஒரே டிராஃபிக் சர்வே, பிணங்களை எண்ணுவது.

வெளிநாட்டில் எப்படிச் செய்கிறார்கள்? ரோட்டோரம் நின்று வேகம் அளக்கும் கருவியோடு சர்வே எடுக்கிறார்கள். அமெரிக்காவில் பல காலமாக இருக்கிற முறை இது. நூறு வண்டிகளின் வேகத்தைக் குறித்துக்கொண்டு, குறைந்ததிலிருந்து கூடியது வரை வரிசையாக நிறுத்துங்கள். 85வது வண்டியின் வேகம் என்னவோ, அதை ஒட்டித்தான் எல்லை. பெரும்பாலான ஆட்கள் புத்திசாலிகள், ரோட்டைப் பார்த்துத்தான் ஓட்டுவார்கள். கடைசி 15 பேர்தான் பிசகு என்பது இதன் தத்துவம். கலிபோர்னியாவில் இப்படி சர்வே எடுத்து, அதைக் காலாகாலத்தில் புதுப்பிக்காவிட்டால், பெரும்பாலான ரோடுகளில் போலீஸ் ரேடார் வைத்து கேஸ் போட முடியாது. சர்வே இல்லாமல் பிடித்தால் அதற்குச் சட்டம் வைத்திருக்கிற பெயர் ‘வேகப் பொறி’. எலிப்பொறி மாதிரி.

நல்ல விஷயம்தானே? பாதி நல்ல விஷயம். மனம்போனபடி 20 என்று எழுதி வைத்துவிட்டு, மாசக் கடைசியில் மரத்தடியில் நின்று பிடிக்கிற வேலை அங்கே நடக்காது. அதற்காகவே எனக்கு இந்த முறை பிடிக்கும்.

மீதிப் பாதியில்தான் வில்லங்கம். வேகமாக ஓட்டுகிறவர்களே வேக எல்லையைத் தீர்மானிக்கிறார்கள் இல்லையா? லாஸ் ஏஞ்சலீஸில் அதுதான் நடந்தது. எல்லாரும் எல்லையைத் தாண்டிப் போனார்கள். சர்வே எடுத்தார்கள். 85வது வண்டி வேகமாக இருந்தது. 2018ல் நூறு மைலுக்கும் மேற்பட்ட தெருக்களில் எல்லையை உயர்த்தினார்கள். உயர்த்தினால் வண்டிகள் இன்னும் வேகமாகப் போகும், அடுத்த சர்வேயில் இன்னும் உயரும். கடைசியில் 2021ல் சட்டத்தைத் திருத்தி, ஜனங்கள் நடக்கிற இடங்களில் நகராட்சிகள் குறைத்து வைக்கலாம் என்று வழிவிட்டார்கள். 2023 டிசம்பரில் வந்த அமெரிக்க தேசிய விதிப்புத்தகமும், ஊருக்குள் இந்த 85ஐ மட்டும் நம்பாதே என்று தொனியை மாற்றிக்கொண்டது.

சென்னைக் கதை இதற்கு ரொம்பத் தூரமில்லை. 2003ல் வைத்த 40 கிலோமீட்டர் எல்லை இருபது வருடங்களாக யாருக்கும் தெரியாமல் தூங்கியது. 2023 ஜூனில், பகலில் 40ஐத் தாண்டினால் கருவி பிடிக்கும், அபராதம் வரும் என்று போலீஸ் சொன்னதும்தான் எல்லாருக்கும் ஞாபகம் வந்தது. ஒரே கூச்சல். நிறுத்தி வைத்தார்கள், குழு போட்டு ஆராய்ந்தார்கள், நவம்பரில் புதிய எல்லை வந்தது. காருக்கு 60, பஸ்ஸுக்கும் லாரிக்கும் 50, டூ வீலருக்கு 50, ஆட்டோவுக்கு 40. குடியிருப்புப் பகுதிகளில் எல்லாருக்கும் 30. அந்தக் கடைசி 30க்கு ஒரு கைத்தட்டல். மற்றதைப் பாருங்கள். கூச்சல் போட்டவர்களுக்கு 60. கூச்சல் போடாமல் ரோட்டைக் கடக்க நிற்கிற பாட்டிக்கு என்ன கிடைத்தது?

நம் சர்வேக்களில் அந்தப் பாட்டி எண்ணிக்கைக்கே வருவதில்லை. ரோட்டில் போகிறவற்றை ‘பாசஞ்சர் கார் யூனிட்’ என்ற அளவில் எண்ணுவார்கள். கார் என்றால் ஒன்று. ஊருக்கு வெளியே உள்ள ரோடுகளுக்கான இந்திய சாலைக் காங்கிரஸின் 1990ம் வருடத்துப் பட்டியலில் சைக்கிள் அரை, மோட்டார் சைக்கிள் அரை, பஸ், லாரி மூன்று, மாட்டு வண்டி எட்டு. மாட்டுக்கே எட்டு மார்க்! காலால் நடக்கிறவருக்கு அந்தப் பட்டியலில் வரியே கிடையாது. ஜீப்ரா கிராசிங் போடலாமா என்று பார்க்கத்தான் அவரைத் தனியாக எண்ணுவார்கள், அதுவும் எண்ணினால். இதோடு வேகம் அளக்கிறவர்கள் எப்போது நிற்பார்கள் தெரியுமா? நெரிசல் இல்லாத நேரத்தில், சிக்னலும் சந்திப்பும் இல்லாத இடத்தில், வண்டிகள் தடையில்லாமல் ஓடும்போது. முறை அப்படி. அதாவது ஸ்கூல் விடாத நேரம், சந்தை கூடாத நேரம், கோயில் நடை சாத்திய நேரம்.

சிதம்பரத்தில் இப்படி ஒரு சர்வே எடுத்தால் எவ்வளவு அபத்தமாக இருக்கும் என்று யோசியுங்கள். மத்தியானம் இரண்டு மணிக்குக் கீழ வீதியில் நின்று அளக்கிறார்கள். நல்ல அகலமான தெரு. தேர் ஓட வேண்டும் என்று அகலமாக விட்ட தெரு அது. அகலமாக இருந்தால் ஆக்சிலேட்டர் தானாக அமுங்கும். 85வது பையன் பைக்கில் 50ல் போகிறான் என்று வையுங்கள், எல்லை 50 என்று எழுதிவிடலாமா? சாயங்காலம் அதே தெருவில் வெளியூர் பக்தர்கள், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து மாணவர்கள், பூக்கூடை, தள்ளுவண்டி, ஷேர் ஆட்டோ எல்லாம் சேர்ந்து தெரு முழுக்க நடக்கும். மார்கழியிலும் ஆனியிலும் அந்த நான்கு வீதிகளின் நிஜமான வேகம் நடராஜர் தேரின் வேகம்தான்.

நான் பி.காம். இன்ஜினீயரிங் தெரியாது, கணக்கு தெரியும். போட்டுப் பார்க்கிறேன். 30ல் வருகிற கார் ஒரு செகண்டில் எட்டே கால் மீட்டர் ஓடும். குழந்தை குறுக்கே வருவதைப் பார்த்து, மூளை சொல்லி, கால் பிரேக்குக்குப் போக ஒரு செகண்ட் என்று வைத்துக்கொள்வோம். பிறகு நல்ல ரோட்டில், நல்ல பிரேக்கில் நிற்க இன்னும் ஐந்து மீட்டர். ஆகமொத்தம் 13 மீட்டரில் வண்டி நின்றுவிடும். அதே கார் 50ல் வந்தால்? அந்த முதல் ஒரு செகண்டிலேயே 14 மீட்டர் போய்விடும். 30ல் வந்தவர் வண்டியை நிறுத்திவிட்டு கண்ணாடியை இறக்கி திட்டுகிற இடத்தில், 50ல் வந்தவர் இன்னும் பிரேக்கே மிதிக்கவில்லை. முழு வேகத்தில் குழந்தையைத் தாண்டிப் போகிறார். ‘தாண்டி’ என்பது மரியாதைக்காக எழுதிய வார்த்தை.

அதற்கு எதிர்ப்பக்கம் லாபம் எவ்வளவு? ஊருக்குள் மூன்று கிலோமீட்டர் ஓட்டுவதற்கு 30ல் ஆறு நிமிடம். 50ல் மூன்று நிமிடம் முப்பத்தாறு செகண்ட். மிச்சம் 2 நிமிடம் 24 செகண்ட். அதுவும் வழியில் சிக்னலோ, மாடோ, கல்யாண ஊர்வலமோ இல்லாத கற்பனை ரோட்டில். லாரன்ஸ் ரோட்டில் அந்த மிச்சத்தைச் சேமித்தவர் யாராவது இருந்தால் எழுதுங்கள், அடுத்த வாரம் பெயர் போடுகிறேன்.

‘முப்பதுல போனா நாடு முன்னேறுமா சார்?’ என்று கேட்பார்கள். ஃபின்லாந்து முன்னேறாத நாடா? அதன் தலைநகர் ஹெல்சிங்கியில் ஏழு லட்சம் பேர் இருக்கிறார்கள். பாதிக்கு மேற்பட்ட தெருக்களில் 30தான் எல்லை. 2025 ஜூலையோடு முடிந்த ஒரு வருடத்தில் அங்கே ரோட்டில் ஒருவர்கூடச் சாகவில்லை. 2020ல் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக மாநாடும், ஆட்களும் வண்டிகளும் கலந்து போகிற இடத்தில் 30 என்றுதான் பிரகடனம் செய்தது. வேகமாகப் போக வேண்டியவர்களுக்கு ரோடு இல்லையா என்றால், இருக்கிறது. விழுப்புரம் - நாகப்பட்டினம் நான்கு வழிச் சாலையைத் திட்டம் போட்டதே கடலூரையும் சிதம்பரத்தையும் ஒதுக்கி வெளியே கொண்டுபோகத்தான். வெளியூர் வேகத்துக்கு விளைநிலத்தைக் கொடுத்தாயிற்று. ஊர்த்தெருவையும் கேட்டால் எப்படி?

மேலே சொன்னதெல்லாம் கார்க்காரர் கதை. கடலூர் மாவட்டத்தில் வேகம் என்று சொன்னால் முதலில் ஞாபகம் வருவது பஸ்தான். பண்ருட்டி, விருத்தாசலம், சிதம்பரம் என்று எந்தத் தடத்திலும் ஒரு பஸ் இன்னொரு பஸ்ஸைத் துரத்துகிற காட்சியைப் பார்க்காதவர் கிடையாது. 2023 ஜூனில் பண்ருட்டி ரோட்டில், நெல்லிக்குப்பத்தை அடுத்த மேல்பட்டாம்பாக்கத்தில் இரண்டு தனியார் பஸ்கள் நேருக்கு நேர் மோதியதை இந்த மாவட்டம் மறந்திருக்காது. டயர் வெடித்ததுதான் காரணம் என்றார்கள். இருக்கலாம். வெடித்த டயரோடு பஸ் எத்தனை மீட்டர் தறிகெட்டு ஓடும் என்பது அது எந்த வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது என்பதைப் பொறுத்தது. அந்த ஒரு பஸ்ஸைச் சொல்லவில்லை, எல்லா பஸ்ஸுக்கும் பொதுவான கணக்கு.

ஏன் துரத்துகிறார்கள்? டிரைவருக்கு என்ன வேண்டுதலா? முன்னால் போகிற வண்டிக்கும் பின்னால் வருகிற வண்டிக்கும் டைமிங்கில் சில நிமிடங்கள்தான் இடைவெளி. ஸ்டாப்பில் நிற்கிற ஆளை யார் முதலில் ஏற்றுகிறாரோ அவருக்குக் கலெக்‌ஷன். கலெக்‌ஷனைப் பார்த்துத்தான் பேட்டா. ஆலப்பாக்கத்தில் இரண்டு நிமிடம் தாமதமானால், சிதம்பரம் ஸ்டாண்டில் டைம் கீப்பரிடம் சட்டையைப் பிடிக்கிற சண்டை. அந்த டைமிங்கை டிரைவர் போடவில்லை. முதலாளியும் தனியாகப் போட்டுவிட முடியாது. பர்மிட்டோடு சேர்த்து அரசாங்கம் ஒப்புக்கொண்டு கொடுக்கிற நேரம் அது.

இங்கேதான் யாரும் பிரித்துப் பார்க்காத ஒரு உட்பிரிவு இருக்கிறது. அதே 183, உட்பிரிவு 4. வேக எல்லையை மீறாமல் ஒரு பயணத்தை அந்த நேரத்துக்குள் முடிக்க முடியாது என்று நீதிமன்றம் கருதினால், அப்படி ஒரு கால அட்டவணை வெளியிட்டதே, வெளியிட்டவர் குற்றம் செய்தார் என்பதற்கு முதல்நோக்கு ஆதாரம். ஓட்டியவரைப் பற்றிய பிரிவு இல்லை ஸார் இது. ஓட்டச் சொன்னவரைப் பற்றியது. எத்தனையோ டிரைவர்கள் ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்’ உள்ளே போயிருக்கிறார்கள். டைமிங் போட்ட நாற்காலி ஒன்றாவது இந்த உட்பிரிவில் கோர்ட் படி ஏறியதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. ஏற்ற வேண்டுமானால் முதலில் அந்த ரோட்டுக்கு ஒரு வேக எல்லை இருக்க வேண்டும். எண் இல்லாதவரை நாற்காலிக்கு ஆபத்து இல்லை. எல்லை வைக்காமல் இருப்பதில் யாருக்கு லாபம் என்று இப்போது புரிகிறதா?

டெல்லி வைத்த எண்ணைக் காட்டி, ‘எல்லைதான் இருக்கிறதே’ என்று சொல்வார்கள். 2018 ஏப்ரலில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கையில் நகராட்சி ரோடுகளில் காருக்கு 70, பஸ்ஸுக்கு 60. எக்ஸ்பிரஸ் வேயில் காருக்கு 120. 2021ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிக்கையை ரத்து செய்து 2014ன் வேகங்களுக்குத் திரும்பச் சொன்னது. எப்படியிருந்தாலும் அது டெல்லியில் உட்கார்ந்து இந்தியாவின் எல்லா நகராட்சிக்கும் சேர்த்துப் போட்ட உச்சவரம்பு. சிதம்பரம் தெற்கு வீதி எத்தனை அடி என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்களுக்காகத்தான் 112வது பிரிவு.

அதனால் சர்வே வேண்டாம் என்று சொல்லவில்லை. சர்வே வேண்டும். பஸ் வேகத்தோடு, ரோட்டைக் கடப்பவர்களையும் எண்ணுகிற சர்வே. காலை எட்டரைக்கும் மாலை நாலரைக்கும் நின்று எடுக்கிற சர்வே. கடலூர் 2021லிருந்து மாநகராட்சி. ஒரு சுண்ணாம்புக் கோடு போடக்கூடவா காசு இருக்காது? ரேடார் துப்பாக்கிக்கு டெண்டர் விடும்வரை காத்திருக்க வேண்டாம். ரோட்டோரம் 50 மீட்டர் டேப் வைத்து அளந்து இரண்டு கோடு போடுங்கள். ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்கு வண்டி ஆறு செகண்டில் வந்தால் 30 கிலோமீட்டர் வேகம். மூன்றரைச் சொச்சத்தில் வந்தால் 50. மூன்று செகண்டில் வந்தால் 60. செல்போன் ஸ்டாப்வாட்ச் போதும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சிவில் இன்ஜினீயரிங் துறை இருக்கிறது. நான்கு வீதிக்கும் நாலு பேராக ஒரு வாரம் நின்றால் ஒரு புராஜெக்ட் ஆயிற்று, ஊருக்கு ஒரு கணக்கும் ஆயிற்று.

அதுவரை நீங்களும் நானும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரு வெள்ளைத்தாள், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். தகவல் உரிமைச் சட்டம், 2005. கடலூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு மூன்று கேள்வி. மாநகராட்சி எல்லைக்குள்ளும் சிதம்பரம் நகராட்சிக்குள்ளும் 112வது பிரிவின்கீழ் வேக எல்லை அறிவித்த அரசிதழின் தேதியும் நகலும் தருக. கடலூர் - சிதம்பரம் தடத்தில் ஓடும் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் அனுமதித்த டைமிங் தருக. அந்த டைமிங்கை நிர்ணயிக்க எந்த வேகத்தை எடுத்துக்கொண்டீர்கள், எந்தத் தேதியில் அளந்தீர்கள்? பதில் தர அவர்களுக்கு 30 நாள் அவகாசம்.